கூப்பிடாமுனை

மலையில் வழி காட்டும் ஒருத்திக்குச் சீடர் ஒருவர் வாய்த்தார். குருவுக்கு ஐம்பத்து மூன்று வயது, சீடருக்கு அறுபத்திரண்டு. குரு ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சீடர் முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆகவே குருதான் சீடரை "வாத்தியாரே" என்று கூப்பிட்டாள். முதல் வாரம் டீக்கடையில் எல்லோரும் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது. மனுஷருக்கு எதுதான் பழகாது?

குருவின் பெயர் ஒச்சம்மா. சீடரின் பெயர் அம்பலவாணன்.

அந்த மலையில் நின்று பார்ப்பதற்கென்று ஆறு இடங்கள் உண்டு. முதல் இரண்டுக்கும் வேன் போகும். கம்பி வேலி உண்டு, பெயர்ப்பலகை உண்டு. வருகிறவர்கள் மலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டு, பத்தாவது நிமிஷம் சோளக்கதிர் வாங்கப் போய்விடுவார்கள். அடுத்த மூன்றுக்கும் நடக்க வேண்டும். புல்மேட்டில் ஏறி, அட்டை கடிக்கும் சோலைக்குள் இறங்கி, ஓடையைத் தாண்டிப் போக வேண்டும்.

ஆறாவதுதான் கூப்பிடாமுனை. காளையின் திமில் போல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பாறை. அதற்கு மேல் மலை இல்லை. எதிரே, பள்ளத்துக்கு அந்தப் பக்கம், செங்குத்தாக இன்னொரு பாறைச்சுவர். வெயில் நாளில் அதைவிட அழகான இடம் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. மூடுபனியாக மஞ்சு இறங்கினால் கதையே வேறு. அங்கே நின்று யாராவது கூப்பிட்டால் குரல் எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி வரும். பக்கத்தில் இருக்கிறவர் காதில், ஆள் பள்ளத்தின் பக்கம் நின்று கூப்பிடுவது போல விழும். அவர் அந்தப் பக்கமாகக் காலை எடுத்து வைப்பார்.

அதனால் அங்கே ஒரு விதி இருந்தது. மஞ்சு இறங்கினால் இருந்த இடத்தில் உட்கார வேண்டும். வாயைத் திறந்து கூப்பிடக் கூடாது. இரண்டு கல்லை எடுத்துத் தட்ட வேண்டும். தட்டுவது யார் காதில் விழுகிறதோ அவர் பதிலுக்குத் தட்ட வேண்டும். அவ்வளவுதான் விதி.

விறகு பொறுக்கப் போகிறவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள். அந்தச் சுவர் எல்லாக் குரலையும் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடாதாம். சிலதை வைத்துக்கொள்ளுமாம். இதைப் பற்றிக் கேட்டால் ஒச்சம்மா ஆமாம் என்றும் சொல்ல மாட்டாள், இல்லை என்றும் சொல்ல மாட்டாள். செருப்பு வாரைச் சரி செய்துகொண்டு நடக்க ஆரம்பித்துவிடுவாள்.

மலையிலிருந்து யாராவது விழுந்து செத்தால், அன்றைக்கு வழி காட்டிப் போனவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். "மலை எடுத்தது" என்று சொன்னால் அந்த முனையில் ஒரு கல் நட்டு மஞ்சள் பூசுவார்கள். போகிறவர் வருகிறவர் ஒரு கொத்துத் தழையை அதன்மேல் வைத்துவிட்டுப் போவார்கள். "கை விட்டது" என்று சொன்னால் கூட இருந்தவர் கைவிட்டதாக அர்த்தம், கல் கிடையாது. போலீஸ்காரர்கள் என்ன எழுதிக்கொண்டாலும் மலைக்கு இந்த ஒரு வார்த்தைதான் கணக்கு.

பதினொரு வருஷத்துக்கு முன்பு ஒரு ஐப்பசியில் கூப்பிடாமுனையில் விழுந்து செத்தவள் மரகதம், அம்பலவாணனின் மனைவி. அன்றைக்கு வழி காட்டிப் போனவள் ஒச்சம்மா. அவள் "மலை எடுத்தது" என்றும் சொல்லவில்லை, "கை விட்டது" என்றும் சொல்லவில்லை. பதினொரு வருஷமாக அந்த வார்த்தை அவள் வாயிலேயே நின்றது.

அந்த வார்த்தைக்காகத்தான் அம்பலவாணன் சின்னமனூர் வீட்டைப் பூட்டிவிட்டு மலையேறி வந்தார். வந்தவரிடம் ஒச்சம்மா, "கூட நடங்க, பாப்போம்" என்றாள். ஒன்பது மாதமாக நடந்துகொண்டிருந்தார்.

ஒன்பது மாதத்தில் ஐந்து முனைகளையும் அவர் கண்ணை மூடிக்கொண்டு போய் வரும் அளவுக்குப் பழகியிருந்தார். ஆறாவதுக்கு மட்டும் அவள் கூட்டிப் போகவில்லை.

ஒருநாள் யானைமுதுகு மேட்டில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். கீழே ஏலக்காய்த் தோட்டங்களின் மேல் வெயில் அடித்தது.

"இன்னும் எவ்வளவு நாள் நடக்கணும்?" என்று கேட்டார் அம்பலவாணன்.

"அன்னிக்கு அந்தம்மாகிட்ட இருந்து எம்புட்டுத் தூரத்துல இருந்தீக?" என்று கேட்டாள் ஒச்சம்மா.

"அன்னிக்கே சொன்னேனே. ரொம்பத் தூரம். அவ கூப்பிட்டது காதுலயே விழலை."

ஒச்சம்மா ஊறுகாயைத் தொட்டுக்கொண்டாள்.

"அப்ப இன்னும் ரொம்பத் தூரம் இருக்கு, வாத்தியாரே."

அம்பலவாணன் சோற்றுப் பொட்டலத்தை மூடினார். அவருக்குக் கோபம். தன் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியிருக்க வேண்டியவளிடம் கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறதே என்று வந்தது. ஆனாலும் மறுநாள் விடிந்ததும் அவள் வீட்டு வாசலில் போய் நின்றார். வேறு எங்கே போவார்?

புரட்டாசி போய் ஐப்பசி பிறந்தது. மத்தியானம் ஆனால் மஞ்சு இறங்கும் மாதம். வேன்கள் குறைந்தன. ஒருநாள் அட்டைச்சோலைக்குள் போய்க்கொண்டிருந்தபோது வழி முழுக்க வெள்ளையாகிவிட்டது. முன்னால் போன ஒச்சம்மாவின் முதுகு தெரியவில்லை. அவள் நின்று, வழக்கப்படி இரண்டு கல்லை எடுத்துத் தட்டினாள். டக். டக். அம்பலவாணனும் குனிந்து கல்லெடுத்துத் தட்டினார். இரண்டு பேரும் கிட்டே வந்து ஒரு மரவேரில் உட்கார்ந்தார்கள். உப்புப் பொட்டலத்தைப் பிரித்து, காலில் ஏறிய அட்டைகள் மேல் தூவினார்கள்.

மஞ்சுக்குள் உட்கார்ந்தால் மனுஷருக்குப் பேச வந்துவிடும். முகம் தெரியாதது ஒரு வசதி.

"ஒச்சம்மா, நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"அன்னிக்கு அவ கூப்பிட்டது என் காதுல விழுந்துச்சு."

உப்புத் தூவும் சத்தம் நின்றது.

"விழலைன்னீக."

"விழுந்துச்சு. ஆனா மஞ்சு இறங்கினா வாயைத் திறக்கக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லியிருந்தீங்க. உங்க விதிப்படி பேசாம இருந்தேன். விதியை மீறிக் கூப்பிட்டது அவதான். அப்ப அது மலை எடுத்ததுதானே?"

"அந்தம்மா முதல்ல தட்டலையா?"

அம்பலவாணன் காலிலிருந்து ஒரு அட்டையைப் பிய்த்து எறிந்தார்.

"தட்டினா."

"எத்தனை தடவை?"

"நாலஞ்சு தடவை."

"நீங்க?"

"கையில கல் கிடைக்கலை."

"பாறை மேல உக்காந்துக்கிட்டா?"

அவர் உப்புப் பொட்டலத்தை மடித்தார். ஒச்சம்மாவே பேசினாள்.

"நான் அன்னிக்கு மத்தவங்களைச் சேத்துக்கிட்டு ஓடைப் பக்கம் நின்னேன். தட்டினது எனக்குக் கேக்கல. கூப்பிட்டதுதான் கேட்டுச்சு. மூணு தடவை. 'என்னங்க'ன்னு. மஞ்சுல ஓடக் கூடாது. ஓடினேன். நான் வந்தப்ப முனையில நீங்க மட்டுந்தான் இருந்தீக."

"தெரியும்."

"அதுக்கு அரை மணி நேரத்துக்கு முந்தி நீங்க அந்த எதிர்ப்பாறையை ஒரு தாள்ல வரைஞ்சுக்கிட்டு இருந்தீக. அந்தம்மா எட்டிப் பாத்து, 'இதென்ன, கவுத்துப் போட்ட இட்லிக் கொப்பரை மாதிரி இருக்கு'ன்னுச்சு. வேன்ல வந்த அம்புட்டுப் பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். நீங்க தாளைச் சுருட்டிக்கிட்டுத் தனியாப் போயி உக்காந்துட்டீக."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை."

"நான் இருக்குன்னு சொல்லலையே."

மஞ்சு கொஞ்சம் விலகியது. ஒச்சம்மா எழுந்து சேலையை உதறினாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நாளைக்கு மத்தியானம் வாங்க. கூப்பிடாமுனைக்குப் போவோம்."

மறுநாள் இரண்டு மணிக்குக் கிளம்பினார்கள். புல்மேடு தாண்டும் வரைக்கும் வெயில் இருந்தது. ஓடையில் கால் நனைத்தபோது தண்ணீர் சில்லென்று இருந்தது. அதற்கப்புறம் ஒரு குருவிகூடக் கத்தவில்லை. அம்பலவாணன் அதைக் கவனித்தார். கவனித்ததைச் சொல்லலாமா என்று யோசித்து, சொல்லாமலே நடந்தார்.

முனை அப்படியேதான் இருந்தது. அவர் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்ததைவிடச் சிறியதாக இருந்தது. எதிர்ச்சுவர் மட்டும் பெரியதாக இருந்தது. அதில் ஈரம் வழிந்து கறுத்திருந்தது.

"எங்க உக்காந்திருந்தீக?"

அவர் காட்டினார். பாறையின் முதுகில் ஒரு சின்னக் குழிவு, ஆள் உட்கார வாகாக இருந்தது.

"அங்கேயே உக்காருங்க. இந்தாங்க கல்லு. மஞ்சு வருது. நான் இங்கதான் இருப்பேன்."

"விதி தெரியும்."

"தெரியும்னுதான் கூட்டியாந்தேன்."

மஞ்சு கீழேயிருந்து ஏறி வந்தது. முதலில் பள்ளம் போயிற்று. பிறகு எதிர்ச்சுவர் போயிற்று. பிறகு ஒச்சம்மாவின் நீலச் சேலை போயிற்று. கடைசியில் அவருக்குத் தன் முழங்கால் மட்டும் தெரிந்தது. அவர் உட்கார்ந்திருந்தார்.

எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. மஞ்சுக்குள் கடிகாரத்தைப் பார்த்தாலும் நம்பிக்கை வராது. அவர் கல்லை எடுத்துத் தட்டினார். டக். டக். டக்.

பதில் வரவில்லை.

மறுபடி தட்டினார். டக். டக். டக்.

இந்தத் தடவை வந்தது. ஆனால் ஒச்சம்மா இருந்த பக்கத்திலிருந்து வரவில்லை. எதிரே, பள்ளத்திலிருந்து வந்தது. எதிரொலி என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஓவிய வாத்தியாராக இருந்தாலும் அறிவியல் தெரிந்தவர்தான். ஆனால் அவர் தட்டியது மூன்று. வந்தது ஐந்து.

கல்லைக் கீழே வைத்தார். வைத்த பிறகும் பள்ளத்திலிருந்து தட்டும் சத்தம் வந்தது. நிதானமாக, அவசரமில்லாமல், யாரோ பொறுமையாகக் காத்துக்கொண்டு தட்டுவது போல.

"ஒச்சம்மா," என்றார் மெதுவாக.

பதில் இல்லை.

"ஒச்சம்மா! எங்க இருக்கீங்க?"

"க்கீங்க," என்றது சுவர்.

அவருக்கு வியர்த்தது. அந்தக் குளிரிலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று தோன்றியது. வேண்டுமென்றே கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவளை நம்பி வந்ததே தப்பு. இல்லை, அவளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது. பதில் வராத ஒவ்வொரு நொடிக்கும் மனசு ஒரு காரணத்தைக் கொண்டுவந்து போட்டது. ஒன்றுக்கொன்று முரண். எல்லாமே நிஜம் போல இருந்தன.

"ஒச்சம்மா! ஒரு வார்த்தை சொல்லுங்களேன்! விளையாடாதீங்க!"

சுவர் இந்தத் தடவை எதையும் திருப்பித் தரவில்லை. தட்டும் சத்தமும் நின்றிருந்தது. அந்த அமைதி இருக்கிறதே, அதற்கு அந்தத் தட்டலே தேவலை என்று ஆகிவிட்டது அவருக்கு.

அப்போது எதிரே, கிட்டத்தில், ஒரு குரல் கேட்டது.

"என்னங்க."

அம்பலவாணன் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"என்னங்க. எங்க இருக்கீங்க?"

கொஞ்சம் கரகரத்த குரல். அந்தப் பயணத்துக்கு முதல்நாள்தான் அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. சுக்குக் காப்பி போட்டுக் குடித்துவிட்டுக் கிளம்பியிருந்தாள். குரலில் பயம் இல்லை. சந்தையில் கூட்டத்துக்குள் ஆளைத் தவறவிட்டவள் கூப்பிடுவது போல இருந்தது. இதோ இங்கேதான் இருப்பார், இப்போது பதில் சொல்லிவிடுவார் என்ற தைரியம் அதில் இருந்தது. அதுதான் அவரைக் கொன்றது.

"இங்கதான் இருக்கேன்!" என்று அவர் கத்தினார். "இங்கதான் இருக்கேன், மரகதம்! அங்கேயே நில்லு! வந்துட்டேன்!"

எழுந்தார். குரல் வந்த பக்கமாக இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவது எட்டுக்குக் காலைத் தூக்கினார்.

பின்னாலிருந்து ஒரு கை அவர் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தது. அவர் மல்லாந்து விழுந்தார். பாறை முதுகில் இடித்தது. காலடியில் இருந்த ஒரு சல்லிக்கல் உருண்டு போயிற்று. அது கீழே விழும் சத்தம் கேட்கும் என்று அவர் காத்திருந்தார். கேட்கவே இல்லை.

ஒச்சம்மா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் மூச்சு வாங்கியது.

"அவ கூப்பிட்டா," என்றார் அம்பலவாணன்.

"கேட்டுச்சு."

"உங்களுக்குமா?"

"ஐப்பசி பிறந்தா எனக்கு வருஷா வருஷம் கேக்கும்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். முகம் ஈரமாக இருந்தது. மஞ்சா, கண்ணீரா என்று அவருக்கே தெரியவில்லை. அழுகைதான். அறுபத்திரண்டு வயதில் மூக்கு ஒழுக அழுதார்.

"நீங்க எங்க போயிருந்தீங்க?"

"எங்கயும் போகலை. உங்களுக்குப் பின்னாடிதான் உக்காந்திருந்தேன்."

"எவ்வளவு தூரத்துல?"

ஒச்சம்மா பின்னால் நகர்ந்து, தான் இருந்த இடத்தில் உட்கார்ந்து, கையை நீட்டிக் காட்டினாள். அவர் உட்கார்ந்திருந்த குழிவின் விளிம்பில் அவள் விரல் தொட்டது. அம்பலவாணன் அந்த விரலையே பார்த்தார். மரகதம் அன்றைக்குத் தேடிக்கொண்டு அவரைக் கடந்து போனபோது அவள் சேலை முந்தானை இதே தூரத்தில் பாறையில் உரசிய சத்தம் அவர் காதில் விழுந்திருந்தது. அந்தத் தூரத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அவருக்குத் திடீரென்று கோபம் வந்தது. இந்தக் கோபத்தில் வாத்தியார் இல்லை. கைவிடப்பட்ட ஒரு மனுஷன் இருந்தான்.

"நான் தட்டினது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"கூப்பிட்டது?"

"அதுவும் கேட்டுச்சு. மூணு தடவையும்."

"நான் எழுந்து அந்தப் பக்கம் போயிருக்கேன், ஒச்சம்மா! இன்னும் ஒரு எட்டுத்தான்! இவ்வளவு கிட்ட உக்காந்துக்கிட்டு ஒரு தட்டுத் தட்டக் கூடாதா? ஏன்? ஏன் பேசாம இருந்தீங்க?"

ஒச்சம்மா அவரைப் பார்த்தாள். அவள் கண்களும் கலங்கியிருந்தன. ஆனால் குரல், சோலைக்குள் வழி சொல்லும்போது இருக்குமே, அதே குரல்தான்.

"கொஞ்சம் தேடட்டும்னுதான்."

பதினொரு வருஷத்துக்கு முன்பு இதே இடத்தில் உட்கார்ந்து அம்பலவாணன் தனக்குள் சொல்லிக்கொண்ட வார்த்தை அது. தான் கேட்டு வந்த வார்த்தையை அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.